கேம் கடை மூடப்படுகிறது: கடை அனுபவத்தை வைத்துக்கொண்டு கேம் துறைக்குள் நுழைய முடியுமா?

குரோய்டன்காரன் எழுதியது:

வணக்கம். தென் லண்டனில் ஒரு வணிக வளாகத்துக்குள் இருக்கும் வீடியோ கேம் கடையில் மூன்று ஆண்டுகளும் நான்கு மாதங்களுமாக வேலை செய்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எங்கள் கிளை அடுத்த மாதக் கடைசியோடு மூடப்படுகிறது என்ற செய்தி, போன திங்கட்கிழமை கடை திறப்பதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, தொலைபேசி வழியாக மேலாளருக்கு வந்தது. அவர் எங்கள் ஐந்து பேரையும் பின்னறைக்கு அழைத்துச் சொல்லி முடிப்பதற்குள், கண்ணாடியில் ஒட்டவேண்டிய சிவப்புத் தள்ளுபடித் தாள்கள் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டன. எங்களுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே அச்சகத்துக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு வயது 25. பல்கலைக்கழகத்தில் கணினித்துறைப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு நிறுத்தினேன். அப்போது அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லை, வீட்டுக்கு வருமானம் தேவைப்பட்டது. மாமாவின் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை ஒன்று எனக்காகக் காத்திருக்கிறது என்பது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாட்டு மேசையில் நினைவூட்டப்படுகிறது. எனக்கோ, கேம்களை உருவாக்கும் ஸ்டூடியோ ஒன்றில் எந்த மூலையிலாவது வேலைக்குச் சேர வேண்டும் என்றே விருப்பம்.

கடையில் நான் செய்தது விற்பனை, பழைய வட்டுகளை வாங்கிக் கீறல் பார்த்து விலை போடுவது, பழுது என்று திரும்பி வருபவற்றைப் போட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். இதில் எதையாவது ஸ்டூடியோக்காரர்கள் ஓர் அனுபவமாக மதிப்பார்களா? சோதனையாளர் வேலைக்கு, அதாவது கியூஏ வேலைக்கு, இப்போதே விண்ணப்பிப்பதா, அல்லது நிறுத்திய படிப்பை முதலில் முடிப்பதா? இன்னொன்று: எனது ஒப்பந்தத்தில் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று எதுவும் எழுதப்படவில்லை, ஆனால் ஏறத்தாழ ஒவ்வொரு வாரமும் 30 மணி நேரம் வேலை செய்திருக்கிறேன். எனக்கு ரிடண்டன்சி பணம், அதாவது ஆட்குறைப்பு இழப்பீடு, கிடைக்குமா?

பயன்படுமா என்று தெரியவில்லை, ஆனாலும் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஓர் அம்மா தம் இரு பிள்ளைகளுக்கு வாங்கிய விளையாட்டு வட்டை, இரண்டாவது ஆட்டம் தொடங்கும்போது கேம் தானாக மூடிக்கொள்கிறது என்று மூன்று முறை திருப்பிக் கொண்டுவந்தார். மூன்று முறையும் வட்டை மாற்றிக் கொடுத்தோம். நான்காம் முறை, அவர் பிள்ளைகளையும் அவர்களுடைய கன்ட்ரோலர்களையும் அழைத்துவரச் சொல்லி, கடையின் கன்சோலில் விளையாட வைத்துப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சின்னவனின் கன்ட்ரோலரில் பேட்டரி நைந்து போயிருந்தது. ஆட்டங்களுக்கு இடையே அடுத்த ஆட்டத்தின் திரை ஏறிக்கொண்டிருக்கும் (லோடிங்) நேரத்தில் அந்தக் கன்ட்ரோலர் அணைந்துவிட்டால் மட்டும் கேம் மூடிக்கொண்டது. பேட்டரியை மாற்றியதும் சரியாகிவிட்டது. மேலாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பழைய கெசட் எழுதியது:

தம்பி, ஈஸ்ட்ஹாமில் 2014 வரை ஒரு சின்னக் கேம் கடை நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதலில், இன்னொரு கேம் கடையில் வேலை தேடி அலையாதீர்கள். உங்கள் கடை மூடப்படுவது உங்கள் மேலாளரின் தவறும் அல்ல, அந்த வளாகத்தின் தவறும் அல்ல.

இந்த வியாபாரத்தின் கணக்கு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. புதிய கன்சோல் ஒன்றை விற்றால் கடைக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். புதிய கேமில் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். பழைய கேமை வாங்கி விற்பதில்தான் உண்மையான இலாபம் இருந்தது. உலகத்தின் மிகப் பெரிய கேம் கடைச் சங்கிலியான கேம்ஸ்டாப்பின் ஆண்டறிக்கைகளிலேயே, பழைய பொருள்களில் கிடைத்த மொத்த இலாபம் விற்பனையில் ஏறக்குறைய பாதி என்று ஆண்டுக்காண்டு அச்சாகியிருந்தது. ஆகவே அடுக்கில் காட்சிக்கு வைத்த புதிய பெட்டிகள் ஆளை உள்ளே அழைப்பதற்கு. சோறு போட்டது, கல்லாவுக்குப் பின்னால் இழுப்பறையில் காகித உறைகளில் கிடந்த பழைய வட்டுகள். இணையத்தில் தரவிறக்கிய கேமை யாரும் கடைக்குக் கொண்டுவந்து விற்க முடியாது. அந்த ஒரு காரணத்தால் இழுப்பறை வற்றியது, வாடகை வற்றவில்லை. 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் கன்சோலில் வட்டுப் போடும் வாயே கிடையாது. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவுக்கு அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

2012இல் நடந்ததை நான் வீதிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். கேம் என்ற பெயரிலேயே நடந்த பெரிய பிரிட்டிஷ் சங்கிலி, கடன் காப்புறுதி கிடைக்காமல் போனதால், பெரிய வெளியீட்டாளர்களிடமிருந்து சரக்குப் பெற முடியாத நிலைக்கு வந்தது. மார்ச் மாதம் பெரும் எதிர்பார்ப்போடு வெளியான கேம்கள் அவர்களுடைய அடுக்குகளில் இல்லை. கேம் கடையில் புதுக் கேம் இல்லையென்றால் வாடிக்கையாளர் எங்கே போவார்? அதற்கு மேல் மார்ச் 25 காலாண்டு வாடகை நாள். மறுநாள் நிறுவனம் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. 277 கடைகள் உடனே மூடப்பட்டன, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். மிச்சத்தை வேறொரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது, 2019இல் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் என்ற விளையாட்டுப் பொருள் கடைச் சங்கிலி வாங்கியது, 2024 பிப்ரவரியில் பழைய கேம் வாங்குவதையே நிறுத்தினார்கள். நான் மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பாருங்கள், அதற்குப் பின் அது எதை வைத்து ஒரு கேம் கடையாக நிற்கும்? கேம்ஸ்டாப் அயர்லாந்தை விட்டு 2023இலேயே போய்விட்டது. ஜெர்மனியிலும் கதவைச் சாத்தியாயிற்று.

அந்த மார்ச் மாதம் எதிர்க்கடை மூடியதும் எனக்கு வியாபாரம் கூடும் என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டு கிறிஸ்துமஸ்தான் கூடியது.

சம்பளச்சீட்டு எழுதியது:

ரிடண்டன்சி பற்றி மட்டும் சொல்கிறேன். நான் ஊதியப் பிரிவில் வேலை செய்பவள். தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகள் வேலை செய்த ஊழியருக்குச் சட்டப்படியான ரிடண்டன்சி பணம் உண்டு. ஒப்பந்தத்தில் மணிநேரம் எழுதப்படவில்லை என்பது மட்டுமே அந்த உரிமையைப் பறித்துவிடாது. மணிநேரம் மாறி மாறி வருகிறவர்களுக்குப் பொதுவாகக் கடைசி 12 வாரங்களின் சராசரி ஊதியத்தை ஒரு வார ஊதியமாக எடுப்பார்கள். 22 வயதுக்குப் பிறகு, 41 வயதுக்கு முன், முழுதாக வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வார ஊதியம். நீங்கள் 22க்குப் பிறகே சேர்ந்திருந்தால் மூன்று வார ஊதியம் வர வேண்டும். முன்னறிவிப்புக் காலத்தின் ஊதியம் அதற்குப் புறம்பானது. சம்பளச் சீட்டுகளையும் வேலை நேர அட்டவணைகளையும் இன்றைக்கே தரவிறக்கி வையுங்கள், ஏனென்றால் கிளை மூடியதும் ஊழியர் தளத்தில் உங்கள் கணக்கும் மூடப்படும். முன்னறிவிப்புக் காலத்தில் வேலை தேடுவதற்கும் நேர்காணலுக்குப் போவதற்கும் நியாயமான நேரம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்காதவர்களுக்கு யாரும் தானாகக் கொடுப்பதில்லை. நிறுவனமே முறிந்துபோனால் அரசின் திவால் சேவைத் துறையிடம் விண்ணப்பித்து இந்தப் பணத்தைப் பெறலாம்.

கூட்டுக் கலந்தாய்வு, அதாவது ஆட்குறைப்புக்கு முன் ஊழியர் பிரதிநிதிகளோடு நிறுவனம் பேசுவது, நடக்கவில்லை என்று இழப்பீடு எதிர்பார்க்க வேண்டாம். ஒரே பணியிடத்தில் 20 பேரோ அதற்கு மேலோ நீக்கப்பட்டால்தான் அது கட்டாயம். வூல்வொர்த்ஸ் கடைகள் மூடப்பட்டதையொட்டிய வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் ஒவ்வொரு கடையும் தனித்தனிப் பணியிடமாகக் கருதப்படலாம் என்று சொல்லிவிட்டது. நாடு முழுவதும் ஆயிரம் பேர் போனாலும், ஐந்து பேர் இருக்கும் கடை ஐந்து பேர் இருக்கும் கடைதான்.

சோதனைக்கூடம் எழுதியது:

தம்பி, நான் பிரைட்டனில் ஒரு ஸ்டூடியோவில் கியூஏ பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். விண்ணப்பங்களை வாசிப்பது என் வேலையில் ஒரு பகுதி. நீங்கள் பட்டியலிட்ட விற்பனையும் விலை போடுவதும் எனக்கு அவ்வளவாகப் பொருட்டல்ல. "பயன்படுமா என்று தெரியவில்லை" என்று கடைசியில் போட்ட பத்தியை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

சிறு வயது முதல் கேம் விளையாடுகிறேன், கேம் என்றால் உயிர் என்று எழுதாத விண்ணப்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால் அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை. ஆனால் நீங்கள் மூன்று முறை வட்டு மாற்றப்பட்டும் தீராத ஒரு சிக்கலை, வட்டில் குறையில்லை என்று முடிவுகட்டி, வாடிக்கையாளரின் கருவிகளையே வரவழைத்து, பக்கத்தில் நின்று பார்த்து, ஒரு காரணத்தைப் பிரித்தெடுத்திருக்கிறீர்கள். பேட்டரியை மாற்றிப் பார்த்ததோடு நிற்காமல், மாற்றிய பிறகு சிக்கல் வரவில்லை என்பதையும் கவனித்திருக்கிறீர்கள். எங்கள் வேலையே அதுதான்.

அதுமட்டுமல்ல. சோனி, மைக்ரோசாப்ட், நின்டெண்டோ மூன்றும் தங்கள் கன்சோலில் ஒரு கேம் வெளியாவதற்கு முன் அதைத் தங்கள் விதிப்பட்டியலின்படி பரிசோதிக்கின்றன. நின்டெண்டோவின் பரிசோதனைக்கு லாட்செக் என்று பெயர். இந்த விதிகளில் பெரும்பகுதி, விளையாட்டு சுவையாக இருக்கிறதா என்பதைப் பற்றியதே அல்ல: கன்ட்ரோலரின் இணைப்பு நடுவில் அறுந்தால் கேம் என்ன செய்கிறது, விளையாடுபவர் கணக்கிலிருந்து வெளியேறினால் என்ன நடக்கிறது, சேமிப்பிடம் நிரம்பினால் என்ன சொல்கிறது என்று இப்படித்தான் போகும். நீங்கள் கண்டுபிடித்தது இந்த வகையின் முதற்பாடம். அப்படியொரு குறையோடு கேம் கடைக்கு வந்தது எப்படி? ஒருவேளை ஆட்டங்களுக்கு இடையே ஏறும் திரையில் யாரும் இணைப்பை அறுத்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம், அல்லது பின்னால் வந்த ஒரு புதுப்பிப்பு அந்தக் குறையைக் கொண்டுவந்திருக்கலாம். அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி, அன்றைக்குக் கன்சோலில் இருந்த கேமின் பதிப்பு எண் என்ன என்பது. குறித்து வைத்திருக்க மாட்டீர்கள், பரவாயில்லை.

இனி, வேலையின் உண்மை நிலை. பகல் முழுவதும் கேம் விளையாடுவது என்று உங்கள் மாமாவிடம் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். ஒரே பட்டியல் திரையை அறுபது தடவை திறந்து மூடுவதும், ஒரே சுவரை எல்லாப் பக்கமும் மோதிப் பார்ப்பதும், அதை எழுதி வைப்பதும்தான் பெரும்பாலான நாள்கள். தொடக்கநிலை ஊதியம் பல இடங்களில் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே இருக்கும். ஒப்பந்தம் ஆறு மாதம், கேம் வெளியானதும் முடிந்துவிடும். பல ஸ்டூடியோக்கள் சோதனையை வெளியே கொடுத்துச் செய்விப்பதால், முதல் வேலை ஸ்டூடியோவில் அல்லாமல் கீவேர்ட்ஸ் போன்ற ஒப்பந்தச் சேவை நிறுவனங்களில் கிடைப்பதற்கே வாய்ப்பு அதிகம். அங்கே ஓராண்டு இருந்தவருக்கு மூன்று கன்சோல்களின் விதிகளும் அத்துப்படியாகிவிடும், அதுவே ஒரு சொத்து. சோதனையிலிருந்து தயாரிப்பு மேலாண்மைக்குப் போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். வடிவமைப்புக்குப் போனவர்கள் சிலர். நிரல் எழுதப் போனவர்கள் எல்லோரும், விதிவிலக்கில்லாமல், இரவில் வீட்டில் தனியாக நிரல் எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

இன்டூ கேம்ஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, துறைக்குள் நுழைய விரும்பும் பிரிட்டன்வாசிகளுக்கென்றே இயங்குகிறது, அவர்களைப் பாருங்கள். கேம் உருவாக்க உதவும் மென்பொருளான கோடோ எஞ்சின் இலவசம். அதில் ஒரேயோர் அறை, ஒரேயொரு கதவு உள்ள கேம் ஒன்றைச் செய்து முடியுங்கள். முடிப்பது முக்கியம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரிக் கடைசியை ஒட்டி உலகெங்கும் குளோபல் கேம் ஜாம் நடக்கிறது, முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து சில நாள்களில் ஒரு கேம் செய்யலாம். ஈஸ்ட் குரோய்டனிலிருந்து பிரைட்டனுக்கு மாறாமல் வரும் ரயில் இருக்கிறது, ஜூலை மாதம் இங்கே நடக்கும் டெவலப் மாநாட்டையொட்டித் துறைக்காரர்கள் பலர் ஊரில் இருப்பார்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வீட்டுப்பாடம். அந்தக் கன்ட்ரோலர் சம்பவத்தை, கதையாக இல்லாமல், வழு அறிக்கையாக (பக் ரிப்போர்ட்) எழுதி இங்கே போடுங்கள்.

மறுதொகுப்பு எழுதியது:

மேலே எழுதிய சோதனைக்கூடம் அக்காவின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேம் நிரலாளன். இரண்டு முறை ஆட்குறைப்பில் போனவன். மூடப்படும் கடையிலிருந்து தப்பி வேறொரு மூடப்படும் கட்டடத்துக்குள் போக இந்தத் தம்பி அவசரப்படுகிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

2024 ஜனவரியில் மைக்ரோசாப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. பிப்ரவரியில் சோனி ஏறத்தாழ 900 பேரை நீக்கியதோடு, லண்டன் ஸ்டூடியோவை முழுதாக மூடுவதாக அறிவித்தது. அதற்கு முந்திய டிசம்பரில் நாட்டிங்காமில் ஃப்ரீ ரேடிகல் ஸ்டூடியோ மூடப்பட்டது. கில்ட்ஃபோர்டில் லயன்ஹெட் ஸ்டூடியோ 2016இலேயே போய்விட்டது. கொரோனா முடக்கக் காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து விளையாடியதால் வந்த பணத்தை நிரந்தரம் என்று நம்பி ஆள் சேர்த்தார்கள், கம்பெனிகளை வாங்கினார்கள். வட்டி ஏறியதும் கணக்கு உதைத்தது. இப்போது தொடக்கநிலை வேலை ஒன்றுக்கு இவர் விண்ணப்பித்தால், எதிரே நிற்பவர்களில் ஐந்தாண்டு அனுபவத்தோடு வேலை இழந்தவர்களும் இருப்பார்கள்.

ஆகவே, படிப்பை முடியுங்கள் என்பதே என் கருத்து. பட்டம் இருந்தால்தான் ஸ்டூடியோவில் எடுப்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. கேம் துறை கைவிடும்போது வங்கியிலோ மருத்துவமனையிலோ மென்பொருள் வேலைக்குப் போய்ச் சாப்பிட அது உதவும் என்பதற்காகச் சொல்கிறேன். எனக்கு இரண்டு முறை உதவியது. இங்கிலாந்தில் கல்விக் கட்டணக் கடன் பொதுவாகப் படிப்பின் காலத்தோடு ஓராண்டு சேர்த்து, ஏற்கெனவே படித்த ஆண்டுகளைக் கழித்துக் கொடுக்கப்படும். மூன்றாண்டுப் படிப்பில் இரண்டு முடித்தவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு மிச்சம் இருக்க வேண்டும். எதற்கும் உங்கள் பழைய பல்கலைக்கழகத்தில், இரண்டாம் ஆண்டு மதிப்பெண்கள் எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்று கேளுங்கள். சில இடங்களில் அதற்குக் கால எல்லை உண்டு. எந்தப் பக்கம் போனாலும், முதல் நாளே ஐடபிள்யூஜிபி என்ற தொழிற்சங்கத்தின் கேம் தொழிலாளர் கிளையில் சேர்ந்துவிடுங்கள்.

சோதனைக்கூடம் எழுதியது:

மறுதொகுப்பு சொல்வதில் எண்கள் சரி, படிப்பை முடிக்கச் சொல்வதும் சரி. ஆனால் செப்டெம்பர் வரை இவர் என்ன செய்வது? இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஆறு மாத ஒப்பந்தம் என்று நான் குறையாகச் சொன்னது, கல்வியாண்டு தொடங்கும்வரை காத்திருப்பவருக்குப் பொருந்திவரக்கூடியது.

குரோய்டன்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டேன். சம்பளச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துவிட்டேன். நல்ல வேளை இப்போதே பார்த்தேன், இரண்டு சீட்டுகள் தளத்திலேயே இல்லை, அவற்றையும் கேட்டு வாங்கினேன். 22ஆம் பிறந்த நாள் கழிந்து ஒரு மாதத்தில் சேர்ந்தவன் என்பதால் மூன்று வாரக் கணக்குச் சரியாகவே வருகிறது.

கடையில் இப்போது பாதி அடுக்குகள் காலி. நேற்று இழுப்பறையைக் காலிசெய்தபோது, பெட்டி இல்லாத வட்டுகளும் வட்டு இல்லாத பெட்டிகளும் மிஞ்சின, ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அந்தச் சம்பவத்தின் பழுதுப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். கேமின் பதிப்பு எண் அதில் இல்லை, ஆனால் தேதி இருக்கிறது. வீட்டுப்பாடம் இதோ:

தலைப்பு: இரண்டாவது கன்ட்ரோலர் அணைந்தால் சில நேரம் கேம் மூடிக்கொள்கிறது.

நடந்தது: இருவர் விளையாடும் முறையில், ஒருவர் தம் கணக்கிலும் மற்றவர் விருந்தினராகவும் நுழைந்து முதல் ஆட்டத்தை முடிக்க வேண்டும். இரண்டாவது ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, திரை ஏறிக்கொண்டிருக்கும்போது விருந்தினரின் கன்ட்ரோலரை அணைக்க வேண்டும். கேம் மூடிக்கொண்டு கன்சோலின் முகப்புத் திரை வருகிறது. ஐந்து தடவை முயன்றதில் நான்கு தடவை இப்படி நடந்தது. ஆட்டத்தின் நடுவில் அணைத்தால் இப்படி நடப்பதில்லை. கன்ட்ரோலரை இணைக்கும்படி ஒரு செய்தி மட்டும் வருகிறது.

நடக்க வேண்டியது: திரை ஏறும்போதும் அதே செய்தி வர வேண்டும்.

சோதனைக்கூடம் எழுதியது:

ஆட்டத்தின் நடுவிலும் அணைத்துப் பார்த்ததை முதலில் சொல்லாமல் மறைத்துவிட்டீர்களே! நிரலாளருக்கு இந்த அறிக்கையிலேயே மிகப் பயனுள்ள வாக்கியம் அதுதான். கன்சோலின் வகையையும் தேதியையும் மேலே சேருங்கள்; தேதி இருந்தால் அன்றைக்கு எந்தப் பதிப்பு வெளியில் இருந்தது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தலைப்பில் "சில நேரம்" என்பதை எடுத்துவிட்டு, எந்தத் திரையில் நடக்கிறது என்பதைப் போடுங்கள். சில நேரம் என்று எழுதினால் அது வரிசையின் அடிக்குப் போய்விடும், 4/5 என்று எழுதினால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். திருத்தியதை உங்கள் சீவியின் இரண்டாம் பக்கமாக வைத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.